மாலைக்குப் போன கடைசிப் படம்

கோரிப்பாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எனக்கு மட்டுமா, கல்யாணப் படம் எடுத்த எங்கள் எல்லோருக்குமே இருந்தது. ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான் விழும். கல்யாண வீட்டில் நூற்றுக்கணக்கில் ஜனம், அத்தனை பேருக்கும் மேடையில் நிற்க ஆசை. அதனால் வேண்டியவர்களுக்குப் பிலிம், மற்றவர்களுக்கு வெறும் ப்ளாஷ். ப்ளாஷின் முதுகில் ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் வரும், படம் விழாது. நின்றவர்கள் சந்தோஷமாகச் சாப்பிடப் போய்விடுவார்கள். இதில் என்ன பாவம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். திருநகரில் ஒரு மில்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாண வரவேற்பு. சினிமாவில் பாடும் அம்மா ஒருவர் வருகிறார், மந்திரியும் வருகிறார் என்று ஒரே பேச்சு. என் மனைவி அதுவரை நான் படமெடுக்கும் எந்த விசேஷத்துக்கும் வந்தவளில்லை. பாடகியம்மா என்றதும், "நானும் வாரேங்க" என்று கிளம்பிவிட்டாள். அந்தம்மாவின் பாட்டு ரேடியோவில் வந்தால் குழம்பு தீய்ந்தாலும் இவளுக்குத் தெரியாது, கூடவே பாடிக்கொண்டிருப்பாள். நன்றாகவே பாடுவாள். புறப்படும் முன்பே ரேடியோவுக்கு மேலே சுவரில் என்னை ஒரு ஆணி அடிக்கவைத்தாள்.

"அந்தம்மாவும் நானும் நிக்கிற படத்தை இங்கனதான் மாட்டணும்."

நான் கொண்டுபோனது மூன்று ரோல். டாக்டர், வக்கீல், பெரிய அதிகாரிகள், அவர்கள் வீட்டம்மாக்கள் என்று ஆளாளுக்குப் பாடகியம்மா பக்கத்தில் வந்து நின்றார்கள். மூன்றாவது ரோலில் ஒரே ஒரு படம் மிச்சம். பெண்ணின் அப்பா என் காதருகே வந்தார்.

"தம்பி, மந்திரி காரு பசுமலை தாண்டிருச்சாம். பிலிம் இல்லேன்னு என் மானத்தை வாங்கிராதீங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் என் மனைவி மேடையேறினாள். பாடகியம்மா இவள் தோளில் கை போட்டுக்கொண்டார். இவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. நான் பட்டனை அமுக்கினேன். வெளிச்சம் அடித்த பிறகும் அவள் இறங்காமல் சிரித்தபடியே நின்றாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். போதும் இறங்கு என்று கையை ஆட்டினேன்.

அடப்பாவி, கட்டினவளுக்கே வெறும் ப்ளாஷ்! இன்றைக்கு நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

பாடகியம்மா சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். மந்திரி கடைசிவரை வரவில்லை. அவருடைய ஆள் ஒருவர் ஆளுயர ரோஜா மாலையோடு வந்து இறங்கினார்.

"மாலையையாவது எடுங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா.

எடுத்தேன். கடைசிப் படம் அந்த மாலைக்குப் போனது.

ஒரு வாரம் கழித்து அவள் படத்தைக் கேட்டாள். கழுவும்போது நெகட்டிவ் கெட்டுப்போய்விட்டது என்றேன். "சரி, விடுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த ஆணியில் ஒரு காலண்டர் ஏறியது.

ஆறேழு வருஷம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அந்தம்மாவின் பாட்டு. இவள் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி கூடவே பாடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குப் படமே எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் பாட்டை நிறுத்தினாள். கை மட்டும் கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கே தெரியுங்க. ஒரு படம் எடுத்தா, அடுத்ததுக்குக் கேமரா கைப்பிடியச் சுத்துவீங்கள்ல? அன்னைக்குச் சுத்தல."

"தெரிஞ்சுமா அங்கனயே ஒரு வார்த்தை கேக்கல?"

"எடுப்பீங்கன்னுதான் சிரிச்சுக்கிட்டே நின்னேன். நீங்க எறங்கச் சொல்லி கைய ஆட்டிட்டீங்க."