குளிர் என்ற சொல்

புருலின் இடக்கைக் கட்டைவிரலில் பற்கள் பதிந்த தழும்பு ஒன்று உண்டு. நாரின் என்னும் மலையாற்றின் கரையிலுள்ள அந்தச் சிறிய மருத்துவமனையில் அவர் செவிலியராகச் சேர்ந்த காலத்தில், குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்காமலேயே தொண்டையில் வீங்கும் டான்சில் சதையை எடுப்பது வழக்கம். கை கால் அசையாதபடி போர்வையால் சுற்றிய குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. கம்பி வளையத்தை உள்ளே விட்டு இழுப்பது மருத்துவர் வேலை. தழும்பைத் தந்த பையன் இப்போது லாரி ஓட்டுகிறான். வழியில் புருலைக் கண்டால் ஹாரன் அடித்து வாயைப் பொத்திக்காட்டிச் சிரிப்பான். புருலுக்கும் சிரிப்பு வரும். ஆனால் இருபத்தாறு ஆண்டுகள் நின்று தேய்ந்த முழங்கால்கள் அங்கே நின்று சிரிக்க விடாமல் வலிக்கும்.

இப்போது முழு மயக்கத்தில்தான் எடுக்கிறார்கள். எடுக்கும் முறைகள் இரண்டு: வெறும் கத்தியால் அறுத்தெடுப்பது ஒன்று, மின்சூட்டால் கருக்கியெடுப்பது மற்றொன்று. இவற்றில் எது மேல் என்று ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவர் தெமிர்குல் முனைந்திருந்தார். பெற்றோர் சம்மதிக்கும் குழந்தைக்கு, உள்ளே எது இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத ஒட்டிய உறை ஒன்றைப் பிரித்து, அதில் எழுதியிருக்கும் முறையைக் கையாள்வார். அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள் காலையில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, குழந்தை எத்தனை கோப்பை குடித்தது, கொடுத்தனுப்பிய தாளில் சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் ஆறு முகங்களில் தன் வலிக்கு எந்த முகத்தைத் தொட்டுக்காட்டியது என்று குறித்துக்கொள்வது புருலின் பொறுப்பு.

தலைநகரிலிருந்து வந்த படிவம் கத்தி முறைக்குக் ‘குளிர் முறை’ என்று பெயரிட்டிருந்தது. வினையே அங்குதான் பிறந்தது. காய்ச்சலோ மூட்டுவலியோ பிள்ளைப்பேறின்மையோ, எது வந்தாலும் குளிர் அண்டிவிட்டது என்று சொல்லும் மலையில், தொண்டைக்குள் குளிரை விட எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஒரே மாதத்தில் ஒன்பது பேர் பிள்ளைகளைக் கம்பளியில் பொதிந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். “கத்தி பனிக்கட்டி இல்லம்மா” என்று ஒன்பது முறை சொல்லிப் புருல் அலுத்துப்போனார்.

பத்தாவதாக வந்தவள் கனிஷாய். அவளுடைய ஆறு வயது மகள் அய்சிரெக்குக்கு டான்சில் வீங்கி அடைத்துத் தூக்கத்தில் மூச்சு நின்றுநின்று வந்தது.

“நானும் அவரும் மாத்தி மாத்தி முழிச்சிருந்து உலுக்கி விடறோம் அக்கா. ரெண்டு வருசமா ஆட்டுவால் கொழுப்பை உருக்கிச் சுடுபால்ல ஊத்திக் குடுத்துப் பாத்தாச்சு.”

வெள்ளிக்கிழமை குடும்பமே மந்தையோடு குளிர்கால மேய்ச்சலுக்குப் போகவிருந்தது. அறுவை நடந்தால் தாயும் மகளும் நகரத்தில் கனிஷாயின் தங்கை வீட்டில் தங்குவார்கள். நடக்காவிட்டால் வசந்தம்வரை அந்த மூச்சுக்கு மருத்துவமனை கிடையாது. பத்தாவது குழந்தையையும் அனுப்பிவிடப் புருலுக்கு மனமில்லை. படிவத்திலிருந்த சொல்லை விழுங்கிவிட்டு, “ஒண்ணு சுடற முறை, இன்னொண்ணு சுடாத முறை” என்றார்.

கனிஷாய் உடனே கையெழுத்திட்டாள். உறையைப் பிரித்தார்கள். சூட்டு முறை என்றிருந்தது.

“சுடப்போறாங்களா? சுடாததுதான் நல்லதுன்னு இப்பத்தானே சொன்னீங்க!”

“நல்லதுன்னு நான் எங்க சொன்னேன்?”

“வாய் சொல்லல. மூஞ்சி சொல்லுச்சே அக்கா!” மகளுக்குக் கோட்டை மாட்டத் தொடங்கினாள். “அய்சிரெக், கையை நீட்டு. போலாம்.”

“ஐஸ்கிரீம் தருவாங்கன்னு சொன்னியே?” என்றாள் சிறுமி.

புருல் எதிரிலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சொற்களை மாற்றி மாற்றி வைத்துப் பேச இனி அவரிடம் தெம்பு இல்லை.

“இங்க பாரு தங்கச்சி. அந்தச் சுடாத முறைக்கு அவங்க வச்ச பேரு குளிர் முறை. பயந்து ஓடிருவேன்னு நான்தான் மாத்திச் சொன்னேன். தப்புதான். கத்தின்னா அறுக்கறப்ப ரத்தம் கொஞ்சம் கூடப் போகும். சூடுன்னா ரத்தம் குறைச்சல். வீட்டுல வலி கூடவோ என்னவோ. அஞ்சாம் நாள் போன்ல ரெண்டு வகைப் பிள்ளைங்க அழறதையும் கேக்கறேன். எது மேலுன்னு டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தக் கவர் எதுக்கு? இதுல சேர வேண்டாம்னா விட்டுடு. நீ கேக்கற முறையிலேயே செய்யச் சொல்றேன். வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாதே.”

கனிஷாயின் கை கோட்டுப் பொத்தானில் நின்றது.

“டாக்டருக்கும் தெரியாதா?”

“தெரியாது.”

“இங்க வந்தா எல்லாரும் தெரிஞ்ச மாதிரியே பேசறாங்க” என்றாள் கனிஷாய். மூச்சுக்காகப் பிளந்தே கிடந்த மகளின் வாயைப் பார்த்தாள். பிறகு பொத்தானைக் கழற்றினாள். “கவர்ல வந்ததே இருக்கட்டும். ஆனா அஞ்சாம் நாள் நீங்களே கூப்பிடணும்.”

ஐந்தாம் நாள் புருல் கூப்பிட்டார். நான்கு கோப்பை, நான்காம் முகம், காதுவரை வலி.

“ஐஸ்கிரீம் குடுத்தியா?”

“குடுத்தேன் அக்கா. அடுப்புல வச்சு வெதுவெதுன்னு உருக்கி.”

புருல் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். “தூக்கம் எப்படி?”

“மூச்சு நிக்கல. தங்கச்சியும் நானும்தான் எப்ப நிக்கும் எப்ப நிக்கும்னு முழிச்சே கிடந்தோம்.”

படிவத்தில் தூக்கத்துக்குக் கட்டம் இல்லை. கோப்பையையும் முகத்தையும் குறித்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே புருல் அடுத்த எண்ணைச் சுழற்றினார்.