ஆகாயத்தாமரை வாரிய ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வாய் ஜாஸ்தி. வீட்டிலும் சரி, ஆபீசிலும் சரி, பக்கத்து வீட்டு வங்காளி அண்ணியிடமும் சரி, என் பேச்சுதான் கடைசிப் பேச்சாக இருக்கவேண்டும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சால்ட் லேக்கில் எங்கள் ஆபீஸ் ஏழாவது மாடியில் இருக்கிறது. ஜன்னல் வழியே கிழக்கே பார்த்தால் தண்ணீர். நடுவே மண் கரை. அதைத் தாண்டித் திரும்பவும் தண்ணீர். எல்லாம் மீன் வளர்க்கும் குளங்கள், இங்கே பேரி என்பார்கள். ஒரு காலத்தில் வித்யாதரி ஆறு ஓடிய பள்ளம் அது. ஆறு தூர்ந்துபோனது. அது விட்டுப்போன பள்ளத்தில் ஊர்ச் சாக்கடையைத் திருப்பி, வெயிலில் தெளியவிட்டு, ரோகும் கட்லாவும் வளர்க்கிறார்கள். முகம் சுளிக்க வேண்டாம், இந்த ஊரில் பாதிப் பேர் சாப்பிடும் மீன் அங்கிருந்துதான் வருகிறது. கட்டடம் எழுப்பக் கூடாது, ஒரு லாரி மண்கூடக் கொட்டக் கூடாது என்று சட்டம் போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் எங்கள் ஜன்னலுக்கு எதிரே இன்னொரு ஜன்னல்தான் இருந்திருக்கும்.

பத்து குளிர்காலம் ஞாயிறு தவறாமல் அங்கே பறவை பார்க்கப் போயிருக்கிறேன். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கூட்டம் கூட்டமாகச் சீழ்க்கைச் சிறவி. கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு, கூட வருகிறவர்களுக்கு என் விரிவுரை. மழைக்காலத்தில் மட்டும் ஒருநாள்கூடப் போனதில்லை. சேறு, அட்டை, யாரால் ஆகும்?

அங்கே ஒரு குளத்தைப் பார்த்துக்கொண்டவர் கரையிலேயே குடிசை போட்டு இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். நான் அவரைத் தாதா, அதாவது அண்ணா என்பேன், அவரும் என்னைத் தீதி, அக்கா என்பார். மீன்பிடிப் பூனையின் காலடியைச் சேற்றில் காட்டித் தந்தவர் அவர்தான். அந்தப் பூனை தினம் இரண்டு மீனைத் தூக்கிக்கொண்டு போகும். "அதுக்கும் வயிறு இருக்கே" என்று விட்டுவிடுவார். ஒருநாள் சொன்னார்: "மீனைப் பார்த்துக்க யாரு வேணா வரலாம் தீதி. என்னை வச்சிருக்கிறது கரைக்குத்தான். கரை போனா மீன் போச்சு. மீன் போனா எனக்கு இங்க என்ன வேலை?"

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கையிடமிருந்து ஆரம்பித்தது வினை. அவள் காலனிக்காரர்களோடு சேர்ந்து குளத்தில் இறங்கி ஆகாயத்தாமரை வாரினாள். வாரத்துக்கு நாற்பது போட்டோ. சேறு பூசிய முகத்தோடு சிரிப்பு வேறு. "நீ பைனாகுலர் வச்சு வேடிக்கைதானே பார்க்கிறே?" என்றாள் போனில். சுருக்கென்றது. நம் ஊரில் ஆகாயத்தாமரை என்றாலே ஏரியைப் பிடித்த பீடை என்று கேட்டு வளர்ந்தவள் நான். தாதாவின் குளத்துக் கரையோரம் முழுக்க அந்தப் பீடை பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது. மூங்கில் கழி நட்டு, அது நகராமல் கட்டியும் வைத்திருந்தார்கள். எதற்குக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தாதாவை வேலைக்கு வைத்திருந்த குளத்துச் சங்கத்தின் செக்ரட்டரியைப் போய்ப் பார்த்தேன். "கரைக்காரன் சரின்னா எனக்கும் சரி" என்றார். ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆபீஸ்காரர்கள் இருபது பேரைத் திரட்டிக்கொண்டு போய் இறங்கினேன். ஒரே நிற டி-ஷர்ட், ரப்பர் கையுறை, பெட்டி பெட்டியாகப் பூரி. தாதா எங்களைப் பார்த்து மலைத்துப்போனார்.

"எல்லாத்தையுமா எடுக்கப் போறீங்க? கரையோரம் அஞ்சு முழம் விட்டு வைங்க தீதி. காத்தடிச்சா அலையை இதுதான் தாங்கும். அந்த மூலையில ஜல்பிபி வேற உட்கார்ந்திருக்கு."

ஜல்பிபி என்றால் தாமரைக்கோழி. நீளநீள விரலால் இலைமேல் நடக்கிற பறவை. என் நோட்டில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறது என்றால் உட்கார்ந்திருக்கட்டுமே, நாங்கள் வந்தால் பறந்துபோகும் என்று நினைத்தேன். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் வேறு.

"அட, சும்மா இருங்க தாதா. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. எங்க ஊர்ல இதை வேரோட பிடுங்குவாங்க, தெரியுமா?" என்றேன்.

படகை அவிழ்த்து, கழி ஊன்றி, எங்களை அவரே கூட்டிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் கரையோரம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. வரிசையாக நின்று போட்டோ எடுத்தோம். தங்கைக்கு உடனே அனுப்பினேன்.

அப்போதுதான் எங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி கரையில் குவித்துவைத்த தழையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். முட்டை. பழுப்பு நிறத்தில், குழந்தை பேனாவால் கிறுக்கின மாதிரி கறுப்புக் கோடுகள். தழையைக் கிளறிப் பார்த்தோம். இன்னும் மூன்று, மூன்றும் உடைந்திருந்தன. வெறும் தண்ணீருக்கு மேலே அந்தப் பறவை கத்திக்கொண்டே சுற்றியது. இறங்க ஓர் இலை இல்லை. அது அப்பன் பறவை, அடையில் உட்கார்ந்திருந்தது அதுதான். இந்த ஜாதியில் பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் சேவல்தான். இதைப் புத்தகத்தில் படித்து எத்தனை பேருக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன் நான்!

தாதா கொஞ்சம் தழையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, உடையாத முட்டையை அதன்மேல் வைத்துவிட்டுத் தள்ளி வந்து நின்றார். பறவை இறங்கியது. தழை நனைந்து அமுங்கியது. முட்டை உருண்டு தண்ணீருக்குள் போயிற்று.

"ஸாரி தாதா" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதே தீதி" என்றார். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்ன மனுஷர்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாத காற்று. அலை மண்ணை அரித்து அரித்து, ஒரு காலையில் கரை பிய்த்துக்கொண்டது. வளர்ந்த மீன் அத்தனையும் கால்வாயோடு போய்விட்டது. செக்ரட்டரி எனக்குப் போன் செய்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அவன் வேண்டாம்னு சொல்லலையா?"

ஆபீசில் எல்லோரும் பக்கத்தில் இருந்தார்கள். "அவரேதான் படகு ஓட்டினார்" என்றேன். பொய் இல்லை. படகை அவர்தான் ஓட்டினார். "சரி மேடம்" என்று வைத்துவிட்டார். என்ன பாவி நான்! திரும்பக் கூப்பிட்டு, அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நவராத்திரி பூஜையே வந்துவிட்டது. பூஜை லீவில் மனசு கேட்காமல் போனேன். குடிசையில் வேறு யாரோ இருந்தார்கள். பழைய ஆளை வேலையை விட்டு அனுப்பி இரண்டு மாசம் ஆகிறதாம். சங்க ஆபீஸ் கூப்பிடு தூரம்தான். கதவு திறந்திருந்தது, உள்ளே ஃபேன் ஓடுவதுகூடத் தெரிந்தது. ஆட்டோ போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்தத் தை மாதம் எங்கள் குடியிருப்பு மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். வேனிலிருந்து மீன்கூடை இறக்குகிற ஆள் "தீதி!" என்று கூப்பிட்டார். தாதா. இளைத்திருந்தார், தோளில் ஈரச் சாக்கு. திட்டட்டும், இந்த மார்க்கெட்டே கேட்கும்படி திட்டட்டும் என்று நின்றேன்.

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இத்தனை நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருந்துது தீதி. அந்த செக்ரட்டரி உங்களுக்குப் போன் பண்ணித் தொல்லை கொடுத்தானா? கரை உடைஞ்ச அன்னைக்கே நான் அவன்கிட்ட சொல்லிட்டேன். தீதி பாதியை விடலாம்னுதான் சொன்னாங்க, நான்தான் முழுசா வாரச் சொன்னேன்னு. படிச்சவங்க, பெரிய ஆபீஸ்ல இருக்கிறவங்க, உங்க பேர் எதுக்குக் கெடணும்?"

"போனே வரலை தாதா" என்றேன்.

"அப்பாடா" என்று சிரித்துவிட்டு, அடுத்த கூடையை இறக்கப் போனார்.