பூக்காத கீரை

பச்சைத் தாவரங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தவர் யாரோ, அவர் மேல் அன்று எனக்கு அவ்வளவு கோபம். மறுநாள் காலேஜில் தாவரவியல் செய்முறைத் தேர்வு. வகுப்புக்கு ஒன்றாக ஐந்து மாதிரி இல்லாவிட்டால் உள்ளேயே விட மாட்டார்கள். பாசியை ஏரி மதகில் வழித்துப் பாட்டிலில் அடைத்தாயிற்று. பச்சை வெல்வெட் மாதிரி படரும் மாஸ் கிணற்றுப் படியில் கிடைத்தது. பூக்காமலே விதை தரும் வகுப்புக்குக் கல்யாண மண்டபத்து வாசல் சைக்கஸில் ஓர் ஓலை. பூக்கும் செடிக்கு வேலியோர ஊமத்தை. பூவும் விதையும் இல்லாத பெரணிதான் மிச்சம்.

பெரணி என்றால் ஊட்டி, ஏற்காடு என்று குளிர்ந்த இடத்தில்தான் வளரும் என்பது என் தீர்மானம். பழையசீவரம் மலைக்கு பஸ் ஏறிப்போய்ப் பாறை பாறையாகத் தேடி, காலெல்லாம் முள் கிழித்ததுதான் மிச்சம். சாயங்காலம் அழாக்குறையாக வீட்டுக்கு வந்தேன். அண்ணி சோறு போட்டு, காலையில் கழனியில் களையெடுத்தபோது கிள்ளிவந்த ஆராக்கீரையைக் கூட்டு வைத்து ஊற்றினார்.

"இன்னா பாப்பா, மூஞ்சி இப்பிடி கீது? அப்பிடி இன்னாத்த தேடற?"

"பூவே பூக்காத செடி அண்ணி. வெதையும் இருக்கக் கூடாது."

"தோ, அத்தத்தான் துன்னுகினு கீற. பத்து வருசமா களை புடுங்கறேன், ஆராக்கீர பூத்து ஒரு நாளும் பாத்ததில்ல."

"கீரைன்னா பூக்காம இருக்குமா? சும்மா இருங்க அண்ணி" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் இடது கை புத்தகத்தைப் புரட்டியது. பெரணிப் பக்கத்தில், நாலு இதழ் இலையோடு அதே ஆரை! மூன்று மாதம் மனப்பாடம் செய்த பக்கம். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள், நான் வெண்ணெயைத் தின்றுகொண்டே அலைந்திருக்கிறேன்.

"ஐயோ, ஒண்ணுவுடாம புடுங்கிட்டேனே!" என்று, நான் காட்டிய படத்தைப் பார்த்ததும் அண்ணி என்னை முந்திக்கொண்டு கழனிக்கு ஓடினார். நல்லவேளை, பிடுங்கிப் போட்ட களை வரப்பில் குவிந்து கிடந்தது. கிளறியதில் வேரோடு ஒரு கொடி முழுசாக அகப்பட்டது. அதன் இளந்தளிர், பெரணிக்கே உரியபடி, ஜாங்கிரி போலச் சுருண்டிருந்தது. சேற்றுக் கையோடு அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தேன். வீட்டுக்கு வந்து, செய்தித்தாளுக்குள் வைத்து இஸ்திரி போட்டுக் காயவைத்தவரும் அண்ணிதான்.

மறுநாள் தேர்வாளர், ஆரையை ஒட்டி விவரம் எழுதியிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். "சேகரித்தவர்னு வேற பேர் இருக்கே, யாரு?"

"எங்க அண்ணி சார். இது பூக்காதுன்னு கண்டுபுடிச்சவங்க அவங்கதான்."

சிரித்துக்கொண்டே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் தாளைக் காட்டினேன். அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தன் பெயரை எழுத்து எழுத்தாகத் தடவிப் படித்தார். "களை புடுங்கறவ பேரெல்லாம் காலேஜில எழுதுவாங்களா?" பக்கத்திலேயே இருந்த சிவப்புக் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அடுத்த தடவை களையெடுத்தபோது வரப்போரமாக ஒரு முழ அகலத்துக்கு ஆரையைப் பிடுங்காமல் விட்டிருந்தார் அண்ணி. ஏன் என்று கேட்டேன்.

"அது படிக்கிற கீர பாப்பா. இருக்கட்டும்."