அப்பா யாருக்குக் கை காட்டினார்?

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அன்று மழையையும் பொருட்படுத்தாமல் குன்னூர் மேடேறி வந்த உறவினர்கள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். கடைசி நாட்களில் அப்பாவின் வலது கை காற்றில் என்ன எழுதிக்கொண்டிருந்தது? அப்போது பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இந்த நினைவு மலரில் சொல்லிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அப்பா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பெற்றோரோடும் தங்கையோடும் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தபோது மீசை முளைக்காத வயது. கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்துப் பிழைத்த குடும்பத்தில் அப்பா மட்டும் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். இலை மூட்டை சுமந்தார், இயந்திரம் துடைத்தார், கடைசியில் குன்னூர் எஸ்டேட் ஒன்றில் தேயிலையின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றார். காது அவருக்கு அவ்வளவு கூர்மை. நன்றாக ஓடும் இயந்திரத்தைக் காட்டி, "இது இன்னிக்கு அழப்போகுது" என்பார். சாயங்காலம் அது நிற்கும். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். கோபம் வந்தால் சாப்பிடாமல் இருந்துவிடுவார். அதற்கு அதட்டலே தேவலை.

தொழிற்சாலைக்குக் கீழே வாடகை வீட்டில் ஒரு யூதப் பெரியவர் தனியாக இருந்தார். கொச்சியிலிருந்து வந்தவர். பெரியய்யா என்று கூப்பிடுவோம். சனிக்கிழமைக் காலைகளில் ஜன்னலோரம் நின்று எபிரேய வேதத்தை ராகத்தோடு ஓதுவார். இரவு வேலை முடிந்து திரும்பும் அப்பா பாதையில் நின்று கேட்பார். ஒருநாள் பெரியய்யா கதவைத் திறந்து, "குளிர்ல நடுங்காம உள்ளே வந்து என் பக்கத்துல நில்லு. எனக்கு ஆள் வேணும்" என்றாராம்.

எதற்கு ஆள் என்றால், வேதம் எழுதிய தோல் சுருளில் வெறும் எழுத்துகள்தான் இருக்கும். குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொல்லும் குறிகள், அச்சிட்ட புத்தகத்தில்தான் எழுத்துகளுக்கு மேலும் கீழும் பொடிப்பொடியாக இருக்கும். ஓதுபவர் ராகத்தை மனப்பாடம் செய்துகொண்டு சுருளைப் பார்த்து ஓதுவார். பக்கத்தில் நிற்பவர் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு குறிக்கும் ஓர் அசைவைக் கையால் காட்டுவார். ஓதுபவர் தவறினால் அதே அசைவுதான் மறுபடியும். சரியாக வரும்வரை கை அடுத்த குறிக்குப் போகாது. முறைப்படி அது அவர்கள் ஆட்களே செய்யவேண்டியது. குன்னூரில் அவர் ஒருவர்தானே இருந்தார்? அப்பா போய் நின்றார், எழுத்தும் பழகிக்கொண்டார். வீட்டில் புத்தகத்தை விரித்துக் கையை வீசிப் பழகும்போது நான் மடியில் கிடப்பேன். எழுத்து எனக்கு வரவில்லை. குறிகளும் அசைவுகளும் ராகமும் மட்டும் ஒட்டிக்கொண்டன.

பெரியய்யா ஓரிடத்தில் தவறாமல் சறுக்குவார். ஊர் அழியப்போகிறது, கிளம்பு என்று கடவுளின் தூதர்கள் அவசரப்படுத்தியும் ஒருவன் கிளம்ப மனமில்லாமல் நிற்கும் இடம் அது. 'தாமதித்தான்' என்ற சொல்லின் தலைமேல் நெளிநெளியாக ஒரு குறி இருக்கும். மிக அரிதாக வரும் குறி. குரலை மூன்று அலையாக நீட்ட வேண்டும். பெரியய்யா இரண்டிலேயே முடித்துவிடுவார். அப்பா தூக்கிய கையை இறக்க மாட்டார். "விடமாட்டியா நீ?" என்று சிரித்துக்கொண்டே அவர் திரும்ப ஓதுவார். அவர் காலமானதும் சுருளை அவருடைய உறவினர்கள் கொண்டுபோனார்கள். புத்தகம் அப்பாவிடம் தங்கியது.

சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து அப்பாவின் பேச்சும் இடப்பக்கமும் போயின. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாட்கள் போயின. மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பால் ஊற்றினார். பிறந்த மண்ணைக் கரைத்து ஊற்றலாமென்றால் அது கடலுக்கு அப்பால் இருக்கிறது. தேயிலைச் செடியின் அடிமண்ணைக் கரைத்து ஊற்றினோம். எதுவும் பலிக்கவில்லை. வலது கை மட்டும் எழுந்து எழுந்து அசைந்தது.

"ஏனுங்க, அய்யா யாரையோ கூப்புடறாருங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"கூப்புடல. ஜன்னலப் பாத்துத்தான் கை காட்டுறாரு," என்றார் அத்தை. "அங்கன யாரும் நிக்காதீங்க."

அது கூப்பிடும் கை அல்ல என்பது எனக்குத் தெரிந்தது. எழும், இறங்கும், யாரோ மூச்சு வாங்கட்டும் என்று பொறுக்கும், மறுபடி எழும். புத்தகத்தை எடுத்துவந்து அடையாள நாடா கிடந்த பக்கத்தைப் பிரித்தேன். கையும் குறிகளும் ஒன்றாகவே நகர்ந்தன. கை காட்டுபவர் தானாக ஓடமாட்டார். ஓதுபவர் ஓத ஓதத்தான் கை போகும். அறையில் எங்கள் யார் காதிலும் எதுவும் விழவில்லை. அப்பாவுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மதியம் ஜன்னல் கண்ணாடியை மூடுபனி அடைத்திருந்தது. கை அந்த நெளிகுறிக்கு வந்தது. மூன்று அலை. மறுபடியும் மூன்று அலை. மறுபடியும் அதே. அதைத் தாண்டவே இல்லை. ஓதுகிறவர் வழக்கம்போல இரண்டில் முடிக்கிறார், அப்பா விடமாட்டேன் என்கிறார். இவர்கள் இருவரின் பிடிவாதத்துக்கு நடுவில் அந்த உடம்பு வதைபட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அத்தே, அந்த எடத்த நான் பாடிக் காட்டட்டுமா?"

"பாடுடி. அண்ணன அனுப்பி வை."

சொல் தெரியாததால் ராகத்தை மட்டும் முனகினேன். பயத்தில் மூச்சு போதாமல் நானும் இரண்டு அலையில் நிறுத்திவிட்டேன். அப்பாவின் கண்கள் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பின. கை மறுபடி எழுந்தது. இந்த முறை எனக்காக. நன்றாக மூச்சிழுத்துத் தொடங்கினேன். மூன்றாவது அலையில் கரகரத்த ஒரு கிழக்குரல் என் குரலோடு சேர்ந்துகொண்டது. எனக்குத்தான் அப்படித் தோன்றியது என்று நினைத்தேன். ஆனால் அத்தை ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் கை அடுத்த குறிக்குப் போனது. வசனத்தின் கடைசிக் குறிக்கு உள்ளங்கை மெல்லக் கீழே இறங்க வேண்டும். இறங்கியது. பிறகு எழவில்லை. தாமதித்தவனைத் தூதர்கள் கையைப் பிடித்துத்தான் வெளியே அழைத்துப்போகிறார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவருடைய விரல்கள் எதையோ பற்றியவை போலப் பாதி மூடியிருந்தன. குளிப்பாட்டும்போதும் அவை விரியவில்லை.

அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், விறகு அனுப்பிய படகர் குடும்பத்துக்கும், கூப்பிட்ட போதெல்லாம் ஏறி வந்த மருத்துவருக்கும், பாடை சுமந்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பெரியய்யா, உங்களுக்கும் நன்றி. துணைக்கு வந்து கூட்டிப்போனீர்கள். அந்த இடத்தில் இனியாவது அவசரப்படாதீர்கள். கை காட்டுபவர் இப்போது உங்கள் பக்கத்திலேயே நிற்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைக் காலைகளில் எங்கள் ஜன்னலோரம் வந்து ஓதுவதை இனி நிறுத்திக்கொள்ளுங்கள். அடுப்படியில் இருக்கும்போது என் வலது கை தானாக எழுகிறது.