நிறுத்த முடியாத அணில்

முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை, மாலை நாலு பத்து. நாகலூர் எஸ்டேட் வளைவில் பஸ் ஹாரன் அடித்த நேரம். எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் அதற்கு முன், போன வாரம் என் மகள் வாங்கிய விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஓர் அணில் கோபுரம் ஏறும் பழைய வீடியோ கேம். பெயர் தெரியாமல் பல வருடம் தேடினேன். சின்ன வயதில் எங்களிடம் இருந்த கேசட்டில் லேபிள் கிழிந்திருந்தது. யாருக்கும் நினைவில்லாத அதை மகள் இணையத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"திருட்டு காப்பி இல்லப்பா. உரிமை வச்சிருக்கிற கம்பெனியே விக்குது. ரெண்டு காபி விலைதான்."

எங்களுடையது எந்த ஊர்த் திருட்டோ! தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சேலம் கடைவீதியில் அப்பா பேரம் பேசி வாங்கியது. மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஓடாது. அடுப்பு மேடையில், காபிக்கொட்டை வறுத்த வாசனையோடு காயவைத்து, ஊதிச் செருகுவோம்.

"எங்க வேணாலும் சேவ் பண்ணிக்கலாம்ப்பா," என்றாள் மகள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

எங்கள் அணிலை நிறுத்திவைக்க முடியாது. அதற்கான பொத்தானை நான்தான் அழுத்தி அழுத்தி உடைத்திருந்தேன்.

தங்கை கிரேஸுக்கு மூச்சிழுப்பு. சனிக்கிழமைதோறும் மருந்துச் சீட்டைக் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்தால், ஏற்காடு டவுனில் வாங்கி, திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாக நீட்டுவார். சீட்டைக் கொடுப்பது என் வேலை. அன்று வீட்டில் ஒரு மாத்திரைகூட மீதமில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அப்பா, சேலம் போயிருந்தார்.

ஹாரன் கேட்டபோது அணில் முதல்முறையாகக் கடைசித் தளத்தில் நின்றது.

"அண்ணா, பஸ்ஸு! குடு, நான் ஆடறேன்," என்றாள் கிரேஸ், மூச்சு வாங்கியபடி.

"உங்கிட்டயா? ஒரே நிமிசத்துல கீழ தள்ளிருவே."

ஆடி முடித்துவிட்டு ஓடியபோது வளைவில் புகைதான் இருந்தது. சீட்டை டிராயர் பையில் மடித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

"குடுத்துட்டியா சாமி?" என்றார் அம்மா.

"குடுத்தாச்சும்மா."

சொல்லியிருந்தால் அம்மா எஸ்டேட் ஜீப்பைக் கேட்டிருப்பார். ஜீப் ஐந்தரை வரை கிடங்கு வாசலில் சும்மாதான் நின்றது. மருந்தோடு பஸ் வந்துவிடும் என்று அம்மா கிரேஸின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பனிமூட்டத்தில் பஸ் தாமதமானது. ஆறரைக்கு அம்மாவின் மடியிலேயே கிரேஸின் மூச்சு நின்றது.

இப்போது அந்த டிவி இல்லை, வீடு இல்லை. அம்மாவும் போய்விட்டார். கடைசிவரை அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று மகள் தும்மினாலே அவள் பையைத் திறந்து மருந்தைத் தேடுகிறேன், திட்டுகிறாள்.

அன்று இரவு ஏழு மணிக்கு பஸ் வந்தது. வழக்கமாக இறங்காத கண்டக்டர் அண்ணன் இறங்கி, எங்கள் வாசலுக்கே வந்தார். உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது. சிரித்த முகமாகக் கேட்டார்:

"ஏனுங்க ரைட்டரம்மா, இன்னைக்குச் சீட்டே வரலீங்களே? பாப்பாவுக்குத் தேவலையாயிருச்சுங்களா?"