வாசனையில்லாத மருந்து

முத்தாபுதுப்பேட்டை ஜெகதீசன் பதினாறு வருடமாக மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிறார். மனிதர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் மெத்தையைப் புரட்டித் தெரிந்துகொண்டதுதான். அது கொஞ்சமல்ல. பூச்சி என்று அவர் வாயைத் திறந்தாலே எதிரில் நிற்பவர் கழுத்தைச் சொறிவார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் முழங்கையைச் சொறிவார். பூச்சிக்கே இத்தனை வேகம் கிடையாது.

இந்த முறை ஆவடியில் நாற்பது வீட்டுக் குடியிருப்பு. சங்கச் செயலாளர் ஹேமாவதி, முதலில் தன் வீட்டில் அடித்துக் காட்டச் சொன்னார். சரிப்பட்டால் மற்ற முப்பத்தொன்பதும் ஜெகதீசனுக்கு. ஆகவே வாசனையே இல்லாத, விலை கூடிய புது மருந்தை அடித்தார். அங்கேதான் தப்புச் செய்தார்.

மூன்றாம் நாள் ஹேமாவதி போனில் பொரிந்து தள்ளினார். "என்னங்க அடிச்சீங்க, தண்ணியா? வீடே சொறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கு."

ஜெகதீசன் ஓடினார். டார்ச் அடித்துக் கட்டில் இடுக்கெல்லாம் பார்த்தார். செத்த பூச்சிதான் கிடந்தது. அதற்குள் செய்தி வாட்சப் குழுவில் பரவி, பூச்சியே இல்லாத நான்கு வீடுகளும் சொறியத் தொடங்கியிருந்தன.

"மேடம், பூச்சி ஒண்ணுகூட உயிரோட இல்ல. நெனப்புதான் கடிக்குது."

"அப்ப எனக்கு மூளை சரியில்லைங்கறீங்களா?"

நாளைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லி அனுப்பினார். உண்மை சொன்னதற்குக் கிடைத்த மரியாதை.

வீட்டில் மனைவி வசந்தா சிரித்தார். "மருந்துன்னா மூக்குல ஏறணும்யா. நாறாத மருந்த எவன் நம்புவான்? பினாயில ஊத்திக்கினு போ."

"பூச்சிதான் செத்துப்போச்சே?"

"அது செத்தது அதுக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

மறுநாள் காலை பினாயிலைக் கலந்து வீடு முழுக்க அடித்தார். ஹேமாவதி வாசலில் நின்று இருமினார். கண்ணில் நீர், முகத்தில் திருப்தி. மாலைக்குள் அரிப்பு நின்றது. படிக்கட்டு வழியாக வந்த நாற்றத்திலேயே அந்த நான்கு வீடுகளும் குணமாயின. வீட்டுக்கு இரண்டு பட்டதாரிகள்; ஆதாரம் கேட்டவர் ஒருவரும் இல்லை.

"இதுதாங்க மருந்து," என்றார் ஹேமாவதி. "எல்லா வீட்டுக்கும் இதையே அடிச்சிடுங்க. மொதல்ல மூணாவது மாடி தினகரன் வீடு, கட்டில் முழுக்கப் பூச்சி. அந்தத் தண்ணி மட்டும் வேணாம்."

"சரி மேடம்."

புது மருந்து ஒரு கேன், பினாயில் ஒரு கேன், இரண்டையும் சுமந்துகொண்டு மூன்றாம் மாடி ஏறினார். முதல் கேனைத் திறந்ததும் தினகரன் குனிந்து முகர்ந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது. ஜெகதீசன் அவசரமாக மற்றதையும் திறந்தார்.