நோயை ஊற்றி வளர்த்த கத்தரி

1978 கார்த்திகையில், மேலநீலிதநல்லூர் பரமசிவன் தோட்டத்துக் கத்தரிச் செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிச் செத்தன. தோட்டக்காரர் ஒரே நாளில் காரணம் கண்டுபிடித்துவிட்டார். "தூரமா இருக்கவ எவளோ உள்ள வந்து காய் பறிச்சிருக்கா." மாதவிலக்குத் தீட்டில்தான் செடி செத்ததாம். காய் பறிக்கும் நாலு பெண்களுக்கும் அன்றோடு வேலை போயிற்று.

நால்வரில் ஒருத்தி மார்த்தாள். பதினோரு வருஷம் மலையில் ஓர் உருளைக்கிழங்கு ஆராய்ச்சிப் பண்ணையில் தினக்கூலியாக இருந்து திரும்பியவள். உருளையை வாட்டிக் கொல்லும் கிருமியைத் தாங்கும் ரகம் தேடி அங்கே பூவோடு பூ சேர்த்தவை அவள் விரல்கள். அறிக்கையில் பெயர் மட்டும் மற்றவர்களுக்கு.

செடி சாகிற சாடையைப் பார்த்ததுமே அதே கிருமி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, துவண்ட தண்டை அறுத்து அதில் தொங்கவிட்டாள்.

"பாருங்க அண்ணாச்சி."

இரண்டு நிமிஷம். வெட்டுவாயிலிருந்து பால்போல ஓர் இழை இறங்கியது. ஊதுபத்திப் புகை தலைகீழாக இறங்குவதுபோல, நெளிந்து நெளிந்து, அறாமல்.

"அம்புட்டும் உசிரு. இந்த ஜில்லாச் சனத்தைவிட ஜாஸ்தி. செத்த செடியப் பிடுங்கி வாய்க்கால்ல போட்டியள்லா, தண்ணியோட பாத்தி பாத்தியாப் போயிருக்கு."

பரமசிவன் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "சரிட்டி, அந்த உசிரு தீட்டுலதானே வந்திருக்கும்?"

கண்ணெதிரே இறங்கிய உண்மையையும் மடக்கி மூடநம்பிக்கைக்குள் செருகிக்கொள்ளும் சாமர்த்தியம்! நாலு குடும்பத்துக் கஞ்சி அதில் போனது. நால்வரில் இன்னொருத்தியான கோமதித்தாய் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கப் போனாள்.

மார்த்தாள் விடவில்லை. "செத்த பாத்தி ஒண்ணத் தாங்க. நாலு பேரும் தூரமான நாளும் சேத்து எல்லா நாளும் அதுல இறங்குவோம். செடி நின்னுட்டா வேலை தரணும்."

"நின்னாப் பாப்போம்" என்று சிரித்தார் அவர்.

செத்த செடிகள் மிதந்த அதே வாய்க்கால் ஓரத்தில், ஆடுகூடக் கடிக்காத கசப்புக் கத்தரி ஒன்று வாடாமல் நின்றது. மார்த்தாள் ஊர்க் கத்தரியின் மொட்டை விரியுமுன் முள்வாங்கியால் பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்தாள். மறுநாள் கசப்புக் கத்தரியின் மகரந்தத்தைத் தடவி நூல் கட்டினாள். அதில் விளைந்த விதையை வீட்டுப் பின்புறம் வளர்த்தாள். காய் குமட்டியது. அவளுக்கு வேண்டியதோ அதற்குள் இருந்த விதை.

மறு வருஷம் அதிலிருந்து நூற்று நாற்பது நாற்றுகளைச் செத்த பாத்தியில் நட்டார்கள். நோய்த் தண்டுகளை இடித்துக் கரைத்த தண்ணீரை மார்த்தாள் வேருக்கு வேர் ஊற்றினாள்.

"ஏட்டி, பெத்த பிள்ளைக்கு விஷம் வைக்கியா?" என்று பதறினாள் கோமதித்தாய்.

"சாகுறது இப்பமே சாகட்டும். நிக்கது எதுன்னு தெரியணும்லா."

பதினைந்து நாளில் நூற்று முப்பத்தாறு விழுந்தன. நாலு நின்றன. காய்க்கும் பருவம் வந்தபோது, அவற்றில் ஒன்றில் ஊர்க் கத்தரியின் சாயலிலேயே காய் தொங்கியது, லேசான கசப்போடு. சுற்றிலும் பிணக்காடு, நடுவே அது மட்டும் ஊதாப் பூவோடு நிமிர்ந்து. மலையில் எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். ஆனாலும் மார்த்தாளுக்கு அதைத் தொடக் கை கூசியது.

பரமசிவன் வந்தார். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"விதை எடுக்கணும். நாலு பேரும் வேலைக்கு வாங்க."

"கோமதிக்கு இன்னைக்கு மூணாவது நாளு. உள்ள வரலாமா அண்ணாச்சி?"

அவர் திடுக்கிட்டார். "அவ எங்க?"

"உங்க முதுகுக்குப் பின்னாலதான். இன்னைக்கு இதுக்குத் தண்ணி விட்டவளே அவதான்."

கோமதித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செடி காற்றில் ஆடியது. பரமசிவன் வரப்பைவிட்டு இறங்கி, "உள்ள போ தாயி" என்று அவளுக்கு வழி விட்டார்.